பாசிக்குடா, அறுகம்பை சீசன் வேலை: தேடத் தொடங்குவதிலிருந்து சம்பளம் பேசுவது வரை முழுமையான வழிகாட்டி

நான் கிழக்கிலங்கைக் கடற்கரை ஹொட்டல்களில் ஆறு சீசன் வேலை செய்திருக்கிறேன். மூன்று பாசிக்குடாவில், மூன்று அறுகம்பையில். ரூம்போயாகத் தொடங்கி இப்போது ஹவுஸ்கீப்பிங் சுப்பவைசராக இருக்கிறேன். வேலை கேட்டு வருகிற தம்பி தங்கச்சிமாரை முதலில் பார்த்துப் பேசுகிற ஆளும் நான்தான் என்பதால், நல்ல பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். வேலை தெரியாததால் திரும்பிப் போனவர்கள் குறைவு. நேரம் பிந்தி வந்தவர்கள், பேப்பர் இல்லாமல் வந்தவர்கள், ஒன்றும் பேசாமல் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் மாதம் சண்டை பிடித்துப் போனவர்கள்தான் அதிகம். அதனால் கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள். முதலில் வர வேண்டியதைக் கடைசியில் செய்தால் எல்லாமே பிந்திவிடும்.

1. முதலில் கலண்டரைப் பாருங்கள்

கிழக்குக் கரையில் சீசன் என்றால் ஏப்ரல் கடைசியில் தொடங்கி செப்டம்பர், ஒக்டோபர் வரை. வடகீழ்ப் பருவ மழை நவம்பரில் இறங்கியதும் கடல் கலங்கிவிடும், அறுகம்பையில் பாதிக் கெஸ்ட் ஹவுஸ் பூட்டிக் கிடக்கும். இது எல்லோருக்கும் தெரியும். சீசன் தொடங்கும்போது ஆள் எடுப்பார்கள் என்று நினைப்பதுதான் பிழை.

ஆள் எடுப்பது மாசி, பங்குனியில். சித்திரை வருஷத்துக்கு முன்னரே பெரிய ஹொட்டல்காரர் லிஸ்டை முடித்துவிடுவார்கள், ஏனென்றால் புதுவருட லீவுக்கு உள்ளூர் ஆட்கள் குவிவார்கள், அதற்குள் புதியவர்களைப் பழக்கியாக வேண்டும். எங்கள் பக்கம் பெரும்போக வெட்டு முடிகிற காலமும் அதுதான். நெல்லை மூட்டை கட்டி ஏற்றிய கிழமையே வேலை தேட இறங்குகிறவனுக்கு இடம் கிடைக்கும். வருஷம் கொண்டாடி, கைவிசேஷம் வாங்கி, ஆறுதலாக மே மாதம் வருகிறவனிடம் "போன் நம்பரைத் தந்துட்டுப் போங்க" என்றுதான் சொல்வார்கள்.

அந்தக் காலம் தவறிவிட்டால் அடுத்த வாசல் ஜூன் நடுப்பகுதி. ஜூலை, ஆகஸ்ட் உச்சக் காலத்துக்கு முன்னால் யாராவது கட்டாயம் விட்டுப் போயிருப்பார்கள். அந்த இரண்டு கிழமையில் திரும்பப் போய்க் கேளுங்கள். முதல் தடவை இல்லை என்று சொன்ன அதே இடத்திலேயே கேட்கலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வைகாசியில் ஊர் அம்மன் கோயில் சடங்கு, குளிர்த்தி. ஜூலையில் உகந்தை, கதிர்காமம் முருகன் கோயில் திருவிழா. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். எல்லாமே சீசனுக்குள் விழுகிறது. எந்த நாளுக்கு நீங்கள் வீட்டில் நின்றே ஆக வேண்டும் என்று இப்போதே முடிவெடுங்கள், அது நாலாம் படியில் தேவைப்படும்.

2. பேப்பர்களும் வீட்டுச் சம்மதமும்

வேலை கிடைத்த பிறகு பேப்பர் எடுக்கலாம் என்று இருக்க வேண்டாம். "நாளைக்கே வாங்க" என்று சொன்னால் நாளைக்கே போய் நிற்கிறவனைத்தான் எடுப்பார்கள்.

தேவையானவை: அடையாள அட்டையும் மூன்று நான்கு போட்டோக் கொப்பியும், பிறப்பத்தாட்சிப் பத்திரம், பிரதேச செயலகத்தில் ஒப்பமிட்ட கிராம சேவகர் நற்சான்றிதழ், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு. பல ஹொட்டல்களில் பொலிஸ் ரிப்போர்ட்டும் கேட்பார்கள். கிராம சேவகர் எல்லா நாளும் ஒஃபிசில் இருக்கமாட்டார், பிரதேச செயலகத்தில் கையெழுத்து எடுக்க வேறு ஒரு நாள் போகும், ஆகவே இதற்கு மட்டும் ஒரு கிழமை ஒதுக்குங்கள். குசினியிலோ சாப்பாட்டு மேசையிலோ வேலை என்றால் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கும்போது அந்தப் பேப்பர் கையில் இருக்க வேண்டும். எங்கே எடுப்பது என்று உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள்.

அடையாள அட்டையின் ஒரிஜினலை ஒருவரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம். கொப்பி கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். ஒரு தம்பியின் அட்டையை ஓரிடத்தில் மேசை லாச்சியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலையை விட்டு வர நினைத்தபோது அது அவனுக்குக் கயிறு கட்டின மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுச் சம்மதத்தைப் பேப்பரோடு சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ஹொட்டல் வேலையா?" என்று அம்மா கேட்பா, அதுவும் பெண் பிள்ளை என்றால் மாமா, சித்தப்பா எல்லோரும் கேட்பார்கள். சொல்லாமல் சேர்ந்து, பிறகு வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போன கதை ஒவ்வொரு சீசனும் நடக்கிறது. சேர முன்னர் அம்மாவையோ அக்காவையோ ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்த் தங்குமிடத்தைக் காட்டுங்கள். அதை மறுக்கிற ஹொட்டலில் பெண் பிள்ளைகள் சேரவே வேண்டாம், நான் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

3. எந்த இடம், எந்த வேலை

இரண்டு ஊரும் இரண்டு விதம். பாசிக்குடாவில் குடாவைச் சுற்றிப் பெரிய ரிசோர்ட்டுகள். கேட், செக்கியூரிட்டி, எச்.ஆர். (ஆள் எடுக்கிற பிரிவு), யூனிஃபோம், சம்பளச் சீட்டு. வேலை ஒழுங்காகப் பிரித்திருக்கும், பழகுவதற்கு நல்லது. அறுகம்பையில், அதாவது பொத்துவில் பாலம் தாண்டி உல்லைப் பக்கம், பெரும்பாலும் குடும்பங்கள் நடத்துகிற கெஸ்ட் ஹவுஸ், சேர்ஃப் கேம்ப் (அலைச் சறுக்க வருகிறவர்கள் தங்குகிற இடம்), கபே. அங்கே ஒரே ஆள் காலையில் ரூம் கூட்டி, மத்தியானம் ஜூஸ் அடித்து, பின்னேரம் சேர்ஃப் போர்ட் தூக்கிக் கொடுக்க வேண்டிவரும். வெளிநாட்டாரோடு நேரே பேசக் கிடைப்பதால் ஆங்கிலம் சுறுக்காக வரும். ஆனால் கணக்கு வழக்கு எல்லாம் வாய்ச் சொல்லில் போகும்.

முதல் சீசன் என்றால் என் விருப்பம் பாசிக்குடா. முறையாகப் பழகிக்கொண்டு அறுகம்பைக்குப் போனால் உங்களை ஏய்ப்பது கஷ்டம்.

வேலையைப் பொறுத்தவரை, வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது ஃப்ரண்ட் ஒஃபிஸ் (வரவேற்பு மேசை) அல்லது ஸ்டூவர்ட் (சாப்பாடு பரிமாறுகிறவர்). ஆள் இல்லாமல் நாங்கள் தவிப்பது ஹவுஸ்கீப்பிங், லோன்றி, குசினியில் பாத்திரம் கழுவுகிற இடம் ஆகியவற்றில். அனுபவம் இல்லாதவர் அந்த மூன்றில் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்டால் அந்த நிமிடமே உட்காரச் சொல்வார்கள். உள்ளே வந்த பிறகு மாறலாம். எங்களோடு பாத்திரம் கழுவ வந்த ஒரு தம்பி அடுத்த சீசன் கறி வெட்டுகிற மேசைக்குப் போனான், அதற்கடுத்த சீசன் அடுப்படிக்கு.

"எந்த வேலையெண்டாலும் பரவாயில்ல சேர்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். நீங்கள் பணிவாகச் சொல்கிறீர்கள், கேட்கிறவருக்கோ இவனுக்கு எதிலும் பிடிப்பில்லை என்றுதான் விளங்கும்.

4. ஒரு பக்க சீவி, அதில் திகதி

சீவி என்றால் உங்கள் சுயவிபரக் கடதாசி. பெயர், ஊர், வட்ஸ்அப் நம்பர், தெரிந்த மொழிகள், செய்த வேலைகள். ஒரு பக்கம் போதும். கல்யாண வீட்டுச் சமையலுக்குக் கூட நின்றது, மாமாவின் கடையில் காசு மேசையில் இருந்தது, கோயில் அன்னதானத்தில் பரிமாறியது, எல்லாம் அனுபவம்தான், எழுதுங்கள். தொழிற் பயிற்சி அதிகார சபையிலோ வேறெங்கோ கோர்ஸ் செய்திருந்தால் சான்றிதழின் கொப்பி வையுங்கள்.

இதைவிட முக்கியமான ஒரு வரி இருக்கிறது, அதை ஒருவரும் எழுதுவதில்லை. "ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலைக்கு நிற்பேன். ஆடி அமாவாசைக்கு ஒரு நாள் மட்டும் லீவு தேவை." இதை மேலேயே, பெயருக்குக் கீழே போடுங்கள்.

காரணம் சொல்கிறேன். எங்களுக்குப் பெரிய பயம் வேலை தெரியாத ஆள் இல்லை, ஆகஸ்ட் நடுவில் போனை ஓஃப் பண்ணிவிட்டுப் போகிற ஆள். போன வருடம் ஒரு பிள்ளையிடம் "எவ்வளவு காலம் நிப்பீங்க மனே?" என்று கேட்டேன். "தெரியா அண்ணே, பாப்பம்" என்றான். நல்ல துடிப்பான பிள்ளை, ஆனாலும் மனேஜர் எடுக்கவில்லை. பின்னால் வந்த பிள்ளை பேச்சில் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை, சீவியில் திகதி எழுதியிருந்தாள், எடுத்தோம்.

5. நேரே போகிற நாள்

பேஸ்புக்கில் பார்த்து மெசேஜ் போடுவது தப்பில்லை. ஆனால் மார்ச் மாதத்தில் ஒரு ஹொட்டல் மெசேஜ் பெட்டிக்குள் எத்தனை "ஹாய் சேர் ஜொப் இருக்கா" கிடக்கும் என்று யோசியுங்கள். முன்னால் வந்து நிற்கிறவருக்குத்தான் வேலை.

போகிற நேரம்: கிழமை நாளில், காலை 10 மணியிலிருந்து பதினொன்றரை வரை, இல்லாவிட்டால் பின்னேரம் இரண்டரையிலிருந்து நாலு வரை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றால் நீங்கள் இடைஞ்சல். அறுகம்பையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் போகவே வேண்டாம், அங்கே இடம் வைத்திருப்பவர்கள் நிறையப்பேர் முஸ்லிம்கள், ஜும்ஆவுக்குப் போயிருப்பார்கள்.

மட்டக்களப்பிலிருந்து பாசிக்குடாவுக்கு வாழைச்சேனை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஓட்டோ, அல்லது ரயிலில் கல்குடா. அறுகம்பைக்குக் கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் பஸ், பிறகு ஓட்டோ. அது நூறு கிலோமீற்றருக்கு மேல், ஆகவே விடியக் கிளம்புங்கள், அல்லது முதல் நாள் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். களைத்து வியர்த்து இரண்டு மணிக்குப் போய் நிற்பதில் பிரயோசனம் இல்லை.

பாசிக்குடாவில் கேட்டில் நிற்கிற செக்கியூரிட்டி அண்ணனிடம் சீவியைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் எல்லோரும் விடுகிற பிழை. அந்தக் கடதாசி மழையில் நனைந்து கேட் மேசையிலேயே கிடக்கும். முதல் நாளே ஹொட்டல் நம்பருக்கு எடுத்து எச்.ஆரில் யார், எத்தனை மணிக்கு இருப்பார் என்று கேளுங்கள். கேட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் உள்ளே விடுவார்கள். அறுகம்பையில் கேட் இல்லை. பாலத்தடியில் இறங்கி மெயின் ரோட்டால் மெயின் பொயின்ட் (பெரிய சேர்ஃப் இடம்) பக்கம் நடந்துகொண்டே ஒவ்வொரு இடமாக ஏறி இறங்குங்கள், கடற்கரைப் பக்க ஒழுங்கைகளையும் விட வேண்டாம். வேலை செய்கிறவரிடம் சீவியைக் கொடுக்காமல் "காக்கா, முதலாளி எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டு அந்த நேரத்துக்குத் திரும்பி வாருங்கள்.

கறுப்புக் காற்சட்டை, அயர்ன் பண்ணின சேர்ட், மூடின சப்பாத்து. நகம் வெட்டியிருக்க வேண்டும், நான் முகத்துக்கு அடுத்ததாகப் பார்ப்பது கையைத்தான். கூட்டாளி நாலு பேரோடு சேர்ந்து போக வேண்டாம், ஒருவனுக்குத்தான் இடம் இருக்கும், மற்ற மூன்று பேரையும் பார்த்து அவனுக்கும் இல்லாமல் போகும்.

எடுத்துத் தருகிறேன் என்று கொமிஷன் கேட்கிற ஆட்களிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். நேரே போய்க் கேட்டால் கிடைக்கிற வேலை இது.

6. ட்ரையல்

பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் செய்து காட்டச் சொல்வார்கள். தொடங்க முன்னர் இரண்டு கேள்வி: எத்தனை நாள், அந்த நாட்களுக்குக் காசு உண்டா? ஒரு கிழமைக்கு மேல் சம்பளமில்லாத ட்ரையல் என்றால் அது ட்ரையல் இல்லை, சும்மா வேலை வாங்குவது. எழும்பி வாருங்கள்.

ஹவுஸ்கீப்பிங் ட்ரையலில் நான் பார்ப்பது வேகத்தை இல்லை, ஒழுங்கை. புதிதாக வருகிறவர்கள் ரூமுக்குள் நுழைந்ததும் தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்குவார்கள். பிறகு பெட்சீட்டை உதறுவார்கள், கடற்கரை மணல் முழுக்கத் திரும்ப நிலத்தில். மறுகா இன்னொருக்காக் கூட்ட வேண்டும். முதலில் கதவு, ஜன்னலைத் திறவுங்கள். பிறகு குப்பை, அழுக்குத் துவாய், பெட்சீட் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சீட்டை உதறாமல் நாலு மூலையையும் நடுவுக்குச் சுருட்டி எடுத்தால் மணல் உள்ளேயே நின்றுவிடும். அடுத்து பாத்ரூம், பிறகு புதுச் சீட் விரிப்பு, தூசு தட்டல். நிலம் கடைசி, அதுவும் உள் மூலையிலிருந்து கதவை நோக்கி. இந்த ஒழுங்கை மட்டும் தெரிந்து வந்தால், "எங்க செஞ்சிருக்கீங்க முதல்ல?" என்று கேட்பார்கள்.

அறுகம்பையில் இன்னொரு விஷயம், சேர்ஃப் போர்ட்டில் பூசுகிற வெக்ஸ். சீட்டில் ஒட்டியிருந்தால் அப்படியே சுடுதண்ணீரில் போட வேண்டாம், உருகித் துணிக்குள் இறங்கிவிடும். குளிர வைத்து இறுக விட்டு, பழைய போன் கார்ட் மாதிரி மட்டையான ஒன்றால் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கழுவுங்கள்.

கட்டிலில் கிடக்கிற விருந்தினரின் பணம், போன், சங்கிலி எதையும் இடம் மாற்ற வேண்டாம். அதைச் சுற்றி வேலை செய்துவிட்டு சுப்பவைசரிடம் சொல்லுங்கள். சில இடங்களில் வேண்டுமென்றே வைத்துப் பார்ப்பார்கள்.

7. "சரி" சொல்ல முன்னர் பேச வேண்டியவை

நம் பிள்ளைகள் இதில்தான் வாய் திறப்பதில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் காசு பேசுவது மரியாதை இல்லை என்று நினைக்கிறார்கள். சேர முன்னர் கேட்டால் அது சாதாரண பேச்சு, அதையே சேர்ந்து இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் சண்டையாகிவிடும்.

அடிப்படைச் சம்பளம் முதல் கேள்வி. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அதற்குக் கீழே யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அடுத்தது சேர்விஸ் சார்ஜ். பில்லில் வழமையாக 10 சதவீதம் போடுவார்கள், அது வேலை செய்கிறவர்களுக்குப் பிரிக்கப்படும். பல இடங்களில் புள்ளிக் கணக்கு, பழையவருக்குக் கூட, புதியவருக்குக் குறைய. "சம்பளத்தோட சேர்த்து ஐம்பது வரும்" என்று சொன்னால் மயங்க வேண்டாம். ஆகஸ்ட் மாதத்துச் சேர்விஸ் சார்ஜை வைத்துச் சொல்கிறார்கள், மே மாதம் அதில் கால்வாசி கூட வராமல் போகலாம். அடிப்படை எவ்வளவு, எனக்கு எத்தனை புள்ளி, முதல் மாதத்திலிருந்தே உண்டா என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். டிப்ஸ் பெட்டி பொதுவா, தனித்தனியா என்பதையும் கேளுங்கள்.

ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பற்றிக் கேட்டால் "சீசன் ஆட்களுக்கு அதெல்லாம் இல்லை" என்பார்கள். அப்படி இல்லை. தற்காலிகமானவருக்கும், நாட்கூலிக்கும், முதல் நாளிலிருந்தே உண்டு. உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12, அதற்கு மேல் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3, அதுவும் முதலாளி போடுவது. அடிப்படை 30,000 என்றால் உங்கள் 2,400, அவர்களுடைய 3,600, ஈ.டி.எஃப். 900, எல்லாமாக மாதம் 6,900. ஆறு மாதத்தில் 41,400 ரூபாய், அதில் 27,000 முதலாளி போட வேண்டிய காசு. "கையில் கூட்டித் தாறம், ஈ.பி.எஃப். வேணாம்" என்று ஆயிரம் ரூபாயைக் காட்டினால் எது லாபம் என்று இப்போது நீங்களே கணக்குப் போடலாம்.

பிறகு தங்குமிடம், சாப்பாடு, லீவு நாள், ஓவர்டைம். சாப்பாட்டுக் காசைச் சம்பளத்தில் கழிப்பார்களா? கிழமையில் எந்த நாள் லீவு? இரவு 11 மணிக்கு வேலை முடிகிற பெண் பிள்ளைக்கு வாகனம் உண்டா, தங்குமிடக் கதவுக்கு உள்பூட்டு உண்டா? கேளுங்கள், போய்ப் பார்த்தும் வாருங்கள்.

கடைசியாக, சீசன் இடையில் உடைந்தால் என்ன? 2019 ஏப்ரல் குண்டு வெடிப்புக்குப் பிறகு அந்த சீசனே படுத்துவிட்டது. 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பை பற்றி எச்சரிக்கை விட்டது. இப்படி ஒன்று வந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, செய்த நாளுக்குச் சம்பளம் எப்போது வரும் என்று பேசி வையுங்கள்.

பேசியதைக் கடிதமாகக் கேளுங்கள். சிறிய இடத்தில் கடிதம் தரமாட்டார்கள், அதற்கு ஒரு வழி இருக்கிறது. அன்று பின்னேரமே முதலாளிக்கு வட்ஸ்அப்பில் போடுங்கள்: "நன்றி காக்கா, ஏப்ரல் 5 வாறன். சம்பளம் இவ்வளவு, புதன் லீவு, சாப்பாடு, தங்குமிடம் உங்கட." அவர் "ஓகே" என்று போட்டால் அதுவே எழுத்து. அழிக்காமல் வையுங்கள். பிரச்சினை வந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் காட்டுவதற்கு ஏதாவது ஒன்று கையில் வேண்டும். எனக்கே ஒரு சீசனில் கடைசி மாதச் சம்பளம் வரவில்லை. காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் மூன்று தரம் பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு வந்தேன்.

8. முதல் இரண்டு கிழமை

அதிகம் பேர் விட்டுப் போவது இந்த நாட்களில். கால் வீங்கும், தங்குமிடத்தில் நித்திரை வராது, சிங்களமும் ஆங்கிலமும் மாறி மாறிக் காதில் விழும். பத்து நாள் தாண்டினால் உடம்பு பழகிவிடும், அதுவரை வீட்டுக்குத் திரும்பிப் போகிற முடிவு எடுக்க வேண்டாம்.

சின்னக் கொப்பி ஒன்றில் தினமும் வந்த நேரம், போன நேரம் எழுதுங்கள். ஓவர்டைம் கணக்கு அதிலிருந்துதான் வரும். அதே கொப்பியில் அன்று கேட்ட ஐந்து ஆங்கில வசனம். விளங்காவிட்டால் தலையாட்ட வேண்டாம், "ஒன் மினிட் ப்ளீஸ்" சொல்லித் தெரிந்தவரைக் கூட்டி வாருங்கள். விளங்காமல் தலையாட்டியதால் ஒரு விருந்தினரின் எயார்போர்ட் வாகனம் பிந்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

விருந்தினரோடு சிரித்துப் பேசுங்கள், ஆனால் குடிக்கக் கூப்பிட்டால் போக வேண்டாம், பெண் பிள்ளைகள் ரூமுக்குள் விருந்தினர் இருக்கும்போது கதவைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள். யாராவது அத்துமீறினால் அன்றே சுப்பவைசரிடம் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம், நாளைக்கு அவர் ரூமைக் காலி பண்ணிவிட்டுப் போயிருப்பார்.

9. முடிக்கிற மாதம்

செப்டம்பர் நடுவிலேயே மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, சேவைச் சான்றிதழ் கேளுங்கள், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, என்ன வேலை என்று லெட்டர்ஹெட்டில். ஒக்டோபரில் மனேஜர் லீவில் போனால் பிடிக்க முடியாது. இரண்டு, ஈ.பி.எஃப். இலக்கத்தை எழுதி எடுத்து, காசு உண்மையாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்று, செஃப்பிடமும் சுப்பவைசரிடமும் தெற்கு பற்றிக் கேளுங்கள்.

ஏனென்றால் இங்கே மழை தொடங்கும்போது தென்கரையில் சீசன் தொடங்குகிறது, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, ஹிக்கடுவை, வெலிகம, மிரிஸ்ஸ பக்கம். அறுகம்பை சேர்ஃப் கேம்ப் ஆட்கள் பலர் போர்ட்டோடு அங்கே போவார்கள், போகும்போது பழகின ஆளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒக்டோபர் முதல் கிழமைக்குள் சொல்லி வைத்தால் இடம் இருக்கும். சிங்களம் கொஞ்சமாவது வேண்டும், அதை ஜூனிலிருந்தே குசினிக்குள் கேட்டுக் கேட்டுப் பழகுங்கள்.

ஊரில் நிற்கப் போகிறீர்கள் என்றால் அடுத்த தை மாதம் பழைய மனேஜருக்கு ஒரு பொங்கல் வாழ்த்துப் போட்டு, இந்த வருடமும் ஏப்ரல் 1இலிருந்து நிற்பேன் என்று அதோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.